வடிகட்டித் தாளில் எங்கள் வீட்டு வாசம்

புகைமூட்டம் கவிந்த அந்த மாதத்தில், எங்கள் ஊரான சுவாவில் வீட்டுக்கு எதிரே நிற்கும் செம்பனை மரங்கள் காலை பத்து மணிக்கும் கண்ணில் படவில்லை. என் மனைவிக்கு ஆஸ்துமா. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போலக் கேட்கும். நான் செண்டாயான் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறவன். என் வாய்க்குப் பயந்து முன் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். வீட்டில் அந்த விசில் கேட்டால் மட்டும் பயந்துபோய் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன்.

அப்போது எங்கள் பின்வாசலில் ஓர் இயந்திரம் நின்றது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி வைத்துவிட்டுப் போனது. அது காற்றை உறிஞ்சும், உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளில் புகை படியும். தினமும் காலையில் தாளை மாற்றி, பழையதை அலுமினியத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பது என் வேலை. கூடவே ஒரு படிவம். ‘அருகில் ஏதாவது எரிக்கப்பட்டதா?’ என்று அதில் ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று தினமும் எழுதினேன்.

“ஃப்ரீசர்ல கோழிக்குப் பக்கத்துல போயி புகைய வச்சிருக்கீங்க” என்றாள் மனைவி.

“ஸ்மோக் சிக்கன் லா.”

சிரிக்கப் போய் இருமத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவளிடம் ஜோக் சொல்லவும் பயம்.

பயந்தவன் சும்மா இருப்பானா? சன்னல்களை அடைத்தேன். கதவிடுக்கில் பழைய கைலியைச் செருகினேன். கெட்ட காற்றுக்கு எங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்வதையும் செய்தேன். சிரட்டைக் கரியில் சாம்பிராணி போட்டு அறை அறையாகப் புகை காட்டினேன். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். விசில் கூடக்கூட, காலை மாலை இரண்டு வேளையும். அவள் கட்டிலைச் சுற்றி மட்டும் மூன்று சுற்று. முடிந்ததும் தூபக்காலைப் பின்வாசல் படியில் வைத்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு உதடு நீலம் பூத்துவிட்டது. கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே போய்த்தான் பார்த்தேன், என் காலில் ஒன்று என் செருப்பு, மற்றது அவளுடையது. வீடு திரும்பியதும், கடலுக்கு அந்தப் பக்கம் காட்டை எரிக்கிறவர்களைத் திட்டிக்கொண்டே சாம்பிராணி ஒரு பிடி கூடுதலாகப் போட்டேன்.

வாரா வாரம் தாள்களை எடுத்துப்போன அந்தப் பெண், மாதக் கடைசியில் சோதனை முடிவுகளோடு வந்தாள்.

“மரம் எரிஞ்சா புகையில ஒரு வகைச் சர்க்கரை மிஞ்சும் அங்கிள். சதுப்பு நிலம் எரிஞ்சா ஒரு மாதிரி, லோரி புகைன்னா வேற மாதிரி. அத வச்சுத்தான் எங்கேருந்து வந்ததுன்னு தேடுறோம்.”

“புகைக்கும் சர்க்கரையா? பாவம், மாத்திரை சாப்பிடுதா?”

அவள் சிரிக்கவில்லை. “முக்கால்வாசி தூரத்துப் புகைதான். ஆனா உங்க தாள்ல இன்னொன்னும் இருக்கு. ஏதோ பிசின், கரி. மொதல்ல வெள்ளிக்கிழமை மட்டும், அப்புறம் தினமும். பக்கத்துல யாராச்சும் எரிக்கிறாங்களா?”

திறந்தவெளியில் எரித்தால் அபராதம் என்று வானொலியில் கேட்டது நினைவுக்கு வந்தது. “பக்கத்து வீடா இருக்கும்” என்றேன். பக்கத்து வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

“அவருதாம்மா சாம்பிராணி போடுறாரு” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல், இடையிடையே விசிலோடு. “ரெண்டு வேளையும். எனக்கு நல்லதுன்னு.”

“சன்னலத் தொறந்து வச்சா ஆன்ட்டி?”

“எல்லாத்தையும் அடச்சிட்டு.”

அந்தப் பெண் என் படிவங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். இல்லை, இல்லை, இல்லை.

“அது எரிக்கிறதுல சேருமாம்மா? சாமி காரியமாச்சே” என்றேன்.

“நெஞ்சுக்கு அது தெரியாது அங்கிள்.”

அபராதம் மறந்துபோனது. கட்டிலைச் சுற்றிய மூன்று சுற்றுதான் கண்முன் நின்றது. தூபக்காலில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றினேன். அது ‘புஸ்’ என்றதற்கும் துள்ளிக் குதித்தேன்.

மறுநாள் படிவத்தில் ‘ஆம். நான்தான். நேற்று வரை’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு விசில் மெல்லக் குறைந்தது, நிற்கவில்லை. வெளியே புகை அப்படியேதான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, தாளை மாற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

“இன்னிக்கு எப்படிங்க?” என்றாள்.

“கறுப்புதான்.”

“நம்மளுதா?”

“இல்ல” என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.