‘ஃபோர்ஸ் மஜூர்’ என்று தப்பிக்க விடாதவர்

வழக்கறிஞர் செல்வராணி இறந்த செய்தி வந்தபோது, அரியலூர் நீதிமன்றத்தில் நான் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். எங்கள் குமாஸ்தா காதருகே வந்து சொன்னார். நெஞ்சுவலி என்று வீட்டிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் சாலையின் இருபுறமும் நின்றதால் வண்டி நகரவில்லை. வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவரும் நானும் ஒரே அறையில் அலுவலகம் வைத்திருந்தவர்கள். அவர் கோபக்காரர் என்பது நீதிமன்ற வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

தனக்கொடி என்ற விவசாயப் பெண்ணின் பருத்திக் காட்டை ஒட்டி ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க நிறுவனம் மண்ணை மலையாகக் குவித்தது. மழைக்காலத்துக்கு முன் சுற்றிலும் கரை போடுவதாக அவரோடு செய்த ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது, போடவில்லை. ஐப்பசி மழையில் மண் சரிந்து பருத்தி முழுவதும் புதைந்தது. செல்வராணி அனுப்பிய நோட்டீசுக்கு ஆங்கிலத்தில் பதில் வந்தது. நடந்தது ‘ஃபோர்ஸ் மஜூர்’, ஆகவே நிறுவனம் பொறுப்பல்ல.

“அது யாரு பேருங்கம்மா?” என்று தனக்கொடி கேட்டார்.

செல்வராணி சிரிக்கவில்லை. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் கடன் வாங்கிய சொல் அது, மிஞ்சிய வலிமை என்று பொருள் என விளக்கினார். போர், பூகம்பம் போல, முன்கூட்டி அறியவும் தடுக்கவும் முடியாத ஒன்று குறுக்கே வந்தால், கொடுத்த வாக்கிலிருந்து ஒருவரை விடுவிப்பதற்காக ஒப்பந்தங்களில் அதை எழுதுவார்கள். “நல்ல சொல்லுதான். அதைத் திருட்டுத்தனமா எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க” என்றார்.

சென்னையிலிருந்து வந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தச் சொல்லை மிக அழகாக உச்சரித்தார். செல்வராணி எழுந்தார். “ஐப்பசியில மழை வரும்னு தெரியாதவங்க இந்த ஜில்லாவுல யாருங்கய்யா இருக்காங்க? தெரிஞ்சுதானே கரை போடுறேன்னு எழுதிக் கொடுத்தாங்க?”

தீர்ப்பு தனக்கொடிக்குச் சாதகமாக வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அந்தக் காட்டில் இன்றும் வெள்ளை மண்தான் கிடக்கிறது. வாய்தா வாங்கியே ஒரு விவசாயியைக் களைத்துவிடலாம் என்று நம்புகிறவர்களை என்ன சொல்வது?

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், இது யாரும் எதிர்பாராத மரணம், யார் கையிலும் இல்லை என்று உருக்கமாகப் பேசினார். லாரிகள் அங்கே தினமும் நிற்கின்றன. ஆம்புலன்ஸ் போக வழியில்லை என்று கலெக்டர் அலுவலகத்தில் செல்வராணியே பலமுறை மனு கொடுத்தார். பரிசீலனையில் இருப்பதாக ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

நான் எழுந்தேன். “செல்வராணியம்மாவே எதிர்பார்த்தாங்க. மனுவா எழுதியும் கொடுத்தாங்க. இதை விதின்னு சொல்லாதீங்க.”

பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. பேசியவர் தலைகுனிந்து காகிதத்தை மடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால், தடுத்திருக்கக்கூடிய சாவுக்கு மாலை போட்டுவிட்டு நகர்ந்துபோகும் நம் பழக்கத்தின் மேல் எனக்குத் தீராத ஆத்திரம் இருக்கிறது.

போன வாரம் தனக்கொடி அலுவலகத்துக்கு வந்தார். மேல்முறையீட்டை இனி நான் நடத்துவதற்கான வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் தயங்கினார்.

“அந்தம்மா கோவமா பேசுவாங்க. நீங்க சாந்தமான ஆளுன்னு சொல்றாங்களே, சார்.”

செல்வராணியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். இப்போது நான் சாந்தமான ஆள் இல்லை என்று தனக்கொடியிடம் சொன்னேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.