பூநாரைகளைக் கிளப்பிவிட்டவர்

மருந்துக்கடை வேலையில் எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அன்று காலையில் உக்கடம் குளத்துக்கரையில் நின்று பறவை பார்ப்பேன். அங்கே பழக்கமானதுதான் பறவைப் படம் எடுக்கும் அந்தக் குழு. என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். மற்ற எல்லார் கழுத்திலும் கேமரா. என்னிடம் பழைய பைனாகுலர் ஒன்று. குழுவை நடத்தியவர் ஒரு நூல் மில் முதலாளி. நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தன் லென்ஸைப் பற்றி அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார்.

போன தை மாதம், நான் கடையில் லீவு சொல்லிவிட்டு வர, வேன் பிடித்துக் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போனோம். பல்லடத்தில் பிரித்த முறுக்குப் பொட்டலம் தஞ்சாவூர் வரை ஓயவில்லை. மனை விலை பேசினார்கள், மருமகள்களைப் பேசினார்கள். பறவை என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

மறுநாள் காலையில் சரணாலயத்துக் காவலர் ஒருவர் எங்களை நடத்திக் கூட்டிப்போனார். உள்ளூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். "சத்தம் வேணாம்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். புதருக்கு அப்பால் மான் ஒன்று தலை தூக்கியதும் இவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போலக் கூவினார்கள். மான் போய்விட்டது. "கூச்ச சுபாவமுங்க அதுக்கு" என்று ஒருவர் விளக்கம் சொன்னார்.

சதுப்பின் ஓரத்தில் காவலர் கை காட்டினார். எட்டத்தில், கணுக்கால் தண்ணீரில், பூநாரைகள். நூற்றுக்கு மேல் இருக்கும். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் என்னுடன் வந்தவர்களை மறந்திருந்தேன்.

முதலாளிக்குத் திருப்தியில்லை. நிற்கிற பறவையை எல்லாரும் எடுப்பார்களாம். குனிந்து காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பொறுக்கினார்.

"ஐயா, எறியாதீங்க" என்றார் காவலர். "எவ்வளவோ தூரத்துலேருந்து வந்து இப்பதான் மேயுதுங்க. கெளப்பி உட்டா இன்னிக்குத் தீனி போச்சு."

"ஒன்னும் ஆவாதுங்க. ஒரே ஒருக்கா பறக்கட்டுமுங்க. பறவைன்னா பறக்கத்தானுங்க செய்யும்."

இவ்வளவு மரியாதையாகச் சொல்லிக்கொண்டே எறிந்தார். கட்டி பாதி தூரம்கூடப் போகவில்லை. ஆனால் விழுந்த சத்தம் போதுமாக இருந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. சிறகுக்குள் இருந்த சிவப்பு வெளியே தெரிந்தது. ஒன்பது கேமராக்களும் படபடவென்று அடித்தன.

திரும்பும்போது காவலர் என் பக்கமாக நடந்தார்.

"நீங்க பைனாகுலர்ல பாத்துக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்களாவது சொல்லியிருக்கலாமேம்மா."

 வேனில் இடம் போய்விடும், அடுத்த ஞாயிறு குளத்துக்கரையில் இவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். அவர்களைவிட எந்த விதத்தில் உசத்தி?

ஊர் வந்ததும் அந்தப் படம் வாட்ஸப் குழுவில் வந்தது. கீழே, 'இயற்கையின் நடனம்' என்று மில் முதலாளி எழுதியிருந்தார். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நான் ஒரே வரி எழுதினேன்: "இது மண்கட்டி எறிந்து எடுத்த படம்." யாரும் இல்லையென்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, கடையில் இருக்கும்போது அவரே போன் செய்தார்.

"அம்மணி, நாலு பேர் முன்னால அப்படிப் போட்டுட்டீங்களே. எம்மேல என்னுங்க கோவம்?"

"கோவமெல்லாம் ஒன்னுமில்லீங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. கோபப்படுவதற்கு ஆள்மேல் கொஞ்சமாவது மதிப்பு வேண்டும்.

"அப்ப மறுபடி சேத்துவுட்டர்றனுங்க. அடுத்த மாசம் இன்னொரு எடம் போறோம்."

"நான் வரலீங்க. நீங்க மறுபடியும் எறிவீங்க."

 "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டார்.