தொட்டி நிறையத் தண்ணீர், குடிக்கத்தான் ஆளில்லை

குதிரைப் பண்ணையில் வேலை என்றதும் தொப்பி வைத்துக்கொண்டு குதிரை மேல் போவதாக நினைப்பவர்களே, தண்ணீர் ஊற்றுவதும் லத்தி அள்ளுவதும்தான் அந்த வேலை. நான் இன்னும் எந்தக் குதிரை மேலும் ஏறவில்லை. காலைக் குளிரில் வெளியே நின்று வேலை பார்க்கும் யாருக்கும் என் பாடு புரியும். அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதியில்லாத ஹெச்-4 விசாவில் ஒன்பது வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டு, கிரீன் கார்டு வந்த வேகத்தில் டெக்சாஸில் ஆலன் என்ற ஊருக்கு வடக்கே லிண்டா என்கிற அம்மாளின் பண்ணையில் சேர்ந்தேன். அங்கே பதினோரு குதிரைகள், எல்லாம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன ஊரார் வீட்டுப் பிள்ளைகள். அவை மேய்ந்தன, நான் குழம்பினேன்.

போர்வை

பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் இருக்கும் சுரேஷ், கோயம்புத்தூர்க்காரர். மகளுக்காக வாங்கிய ரோஸி என்ற பழுப்புக் குதிரையை எங்களிடம் விட்டிருந்தார். முதல் குளிருக்கே மெத்தை மாதிரி ஒரு போர்வையோடு வந்துவிட்டார். "அதுக்குத்தான் முடி இருக்கே, குளிர்ல சிலிர்த்து நின்னு சூட்டைப் பிடிச்சுக்கும்" என்றார் லிண்டா. சுரேஷ் கேட்கவில்லை, நான் போர்த்திவிட்டேன்.

டெக்சாஸ் குளிரை நம்பலாமா? காலையில் புல்லெல்லாம் உறைபனி, மதியம் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். போர்வைக்குள் ரோஸி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கழற்றினேன். சாயங்காலம் காற்று மாறியது, மாட்டினேன். மறுநாளும் இதே கதை. வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த சுரேஷ் கடைசியில் சொன்னார்: "ஏனுங்க மேடம், எங்க வீட்டு ஏ.சி.க்குக்கூட இத்தனை பஞ்சாயத்து இல்லீங்க."

ஐஸ்

குதிரைகளின் தண்ணீர்த் தொட்டி உறைந்த முதல் நாள், சுத்தியலால் உடைத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். அரை மணி நேரத்தில் உடைந்த துண்டுகள் ஒட்டிக்கொண்டு மறுபடி மூடிவிட்டன. துண்டுகளை அள்ளி வெளியே போட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லையே!

குளிர் அதிகமானால் குதிரைகள் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். பச்சைப் புல் இல்லாமல் காய்ந்த வைக்கோலாகத் தின்னும்போதோ தண்ணீர் அதிகம் வேண்டும். குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். தீவனத்தில் உப்புப் போடு, வெதுவெதுப்பான தண்ணீர் வை என்று லிண்டா அடுக்கினார். "ஒரு குதிரை போதுமான அளவு குடிச்சதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் சாவதானமாகச் சொன்னார்: "வாயைப் பார்த்தா தெரியாது, பின்னாடி போய்ப் பார்."

ஹீட்டர்

பெரிய குளிர் வருகிறது என்று டிவி பயமுறுத்தியதும், தண்ணீர் உறையாமலிருக்க லிண்டா தொட்டிக்குள் ஒரு பழைய மின்சார ஹீட்டரைப் போட்டார். அருமையாக வேலை செய்தது. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி, தொட்டியில் மட்டும் தெளிந்த தண்ணீர். தினமும் கையை விட்டுப் பார்த்தேன். கதகதப்பு.

ஆனால் தண்ணீர் குறையவே இல்லை. குதிரைகள் வரும், முகர்ந்து பார்க்கும், தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விடும். தொட்டியைக் கழுவினேன், தண்ணீரை மாற்றினேன். இரண்டாம் நாள் லத்தி சின்னதாக, காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "குளிர்காலத்துல நீயும்தான் தண்ணி குடிக்கறதில்ல."

வாளி

மூன்றாம் நாள் காலை ரோஸி வைக்கோலைத் தொடவில்லை. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. லிண்டாவைக் கூப்பிட்டேன். குதிரை டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் ஏற்றினார். குடல் அடைத்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் இளகாவிட்டால் ஆபரேஷன்தான் என்றார். மற்ற குதிரைகளுக்கு வேறு வாளியில் தண்ணீர் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

வைத்தேன். பத்துக் குதிரைகளும் முட்டி மோதிக்கொண்டு குடித்தன! அதே குழாய்த் தண்ணீர். லிண்டா ஓடிப்போய் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினார். வயரின் மேலுறை வெடித்திருந்தது, தொட்டியில் மெல்லிய கரண்ட் கசிந்து, மூக்கை வைத்த குதிரையையெல்லாம் சுருக்கென்று அடித்திருக்கிறது. நான் காலில் ரப்பர் பூட்ஸும் கையில் ரப்பர் கையுறையுமாகவே சோதித்திருக்கிறேன்! என் முகத்தைப் பார்த்துவிட்டு லிண்டா சொன்னார்: "ஹீட்டரைப் போட்டவ நான், நீ ஏன் அழறே?"

வந்துவிட்டது

சுரேஷ் ஆபீஸை விட்டு ஓடி வந்தார். அவரும் நானும் மாறி மாறி ரோஸியை மெதுவாக நடத்தினோம். நானாகவே ஹீட்டர் விஷயத்தைச் சொன்னேன். அவர் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பினார். வேலி ஓரமாக எத்தனை சுற்று நடந்தோமோ தெரியாது.

வெயில் இறங்கும் நேரத்தில் ரோஸி நின்றது, வாலைத் தூக்கியது. ஈரமாக, ஆவி பறக்க ஒரு குவியல். பிறகு வாளியில் வாயை வைத்து ஒரே மூச்சாக உறிஞ்சியது. சுரேஷ் அந்தக் குவியலை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்ற கல்யாண ஆல்பத்துலகூட இப்படியொரு போட்டோ இல்லீங்க மேடம்."

குளிர்காலம் முழுக்கக் குழம்பியதில் நான் கண்டது இவ்வளவுதான்: குதிரையைத் தவிர எல்லோருக்கும் குதிரைக்கு எது நல்லது என்று தெரியுமாம், அந்த எல்லோரில் நானும் ஒருத்தி.