கையிலிருந்த பேட்டரிக் கம்பி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. டெல்மரைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் அவன் மைத்துனன் குர்ட்டின் வலது கையில் இன்று இரண்டு விரல்கள்தான் இருக்கின்றன. அதைப் போய் யாரும் பார்க்கலாம்.

அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில், பார்லி ஏரிதான் அவர்கள் ஊருக்கே குடிதண்ணீர். பெட்ரோல் மோட்டாரை இறக்க விடமாட்டார்கள். மீன்பிடிப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் பழைய படகு மோட்டாரை வாங்கி, மேலே இருக்கும் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மின் மோட்டாரை உட்கார வைப்பார்கள். டெல்மருக்குக் காயலான் கடையில் எஞ்சின் இறுகிப்போன ஒன்று கிடைத்தது. டயர் ஆலையில் ஒதுக்கிப் போட்ட, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் மின் மோட்டாரை அதன்மேல் பொருத்தினான். எஞ்சின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் இனி எதற்கு? பிடுங்கிக் குப்பையில் போட்டான்.

அக்டோபர் மாதம். பட்டப்பகல். வெள்ளோட்டத்துக்குக் குர்ட்டும் வந்தான். கூரை போடுகிறவன். கை இருந்தால்தான் சோறு.

"மாமா, இது ஓடுதா, செத்துக் கெடக்குதா? சத்தமே காணோம்?"

"எல்லாம் உங்கக்கா மாதிரி கத்திக்கிட்டே இருக்கணுமாடா?"

சிரித்தார்கள்.

ஏரி நடுவில் குர்ட் பின்னால் திரும்பினான்.

"மாமா... தண்ணி பீச்சுது."

மோட்டாரின் பக்கத்துத் துளையிலிருந்து மெல்லிய தாரை. பெட்ரோல் எஞ்சின் ஓடினால் அப்படித்தான் பீச்சும். ஆனால் இழுக்கிற சக்கரம் வீட்டுக் குப்பைத் தொட்டியில் கிடந்தது. டெல்மர் விரலை நீட்டினான்.

சுட்டது.

"திரும்பிடலாம்டா" என்றான். அதற்குள் தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் பாசி சுற்றிப் படகு நின்றுவிட்டது.

சத்தமில்லாத மோட்டாரில் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஓசை இல்லையே, நின்றுவிட்டது என்று நினைத்து விசிறியில் கையை விடுவார்கள். டெல்மருக்கு அது தெரியும். சுவிட்சை அணைத்தான். அதோடு விடாமல் பேட்டரிக் கம்பியையே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"இப்ப எடு பாசிய."

குர்ட் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டான்.

டக்...

டக்... டக்...

டக்டக்டக்டக்...

எஞ்சின். இல்லாத எஞ்சின். குப்பென்று பெட்ரோல் நாற்றம்.

கம்பி டெல்மரின் கையில்தான் இருந்தது.

"குர்ட்! கைய எடுடா!"

"வர மாட்டேங்குது மாமா..."

அலறல்.

பிறகு ஓசையே இல்லை.

டெல்மர் துடுப்பு வலித்துக் கரை சேர்த்தான். மருத்துவமனையில் குர்ட் எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொன்னான்: "மாமா அணைக்க மறந்துட்டாரு." பந்தயக்காரர்கள் தலையாட்டினார்கள். நடக்கிறதுதானே. கம்பியைப் பற்றி டெல்மர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. "என் தம்பி கைய முடமாக்கிட்டு கதை வேற விடுறியா?" என்று அவன் மனைவி நோரீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

டெல்மர் காயலான் கடைக்கு ஓடினான். கடைக்காரன் தலையைச் சொறிந்தான்.

"அந்த மோட்டாரா? பெட்ரோல் மோட்டார இறக்க விட்டிருந்த காலத்துல, அதே ஏரில ஒரு படகு ஆளில்லாமச் சுத்திக்கிட்டே கெடந்துச்சு. அதுல இருந்து கழட்டினது."

"ஓட்டினவன்?"

"தண்ணிக்குள்ள முங்கித் தேடுற ஆளுங்க ஒரு வாரம் பாத்தாங்க. கெடைக்கல. நாமளும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சுக்கிட்டு இருக்கோம்."

நேரே குர்ட்டிடம் போய் அதைச் சொன்னான். "நான் மறக்கலைடா. நீயாவது நம்பு."

குர்ட் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் மாமா. உண்மையச் சொன்னா பைத்தியம்னுவாங்க. அதான் பழிய உங்க மேல போட்டேன்."

"என்னடா உண்மை?"

"விசிறி கடைசிலதான் பட்டுச்சு. அதுக்கு முன்னாடியே தண்ணிக்குள்ள யாரோ என் கையப் பிடிச்சுட்டாங்க." குரல் தாழ்ந்தது. "ரெண்டு கையாலயும், மாமா... மேல ஏறப் பாக்குறவன் பிடிப்பானே, அப்படி."