காலில் கட்டிய சிவப்புத் துணி

திராட்சைத் தோட்டத்தில் புது மருந்து எதையும் நாங்கள் எடுத்த எடுப்பில் முழுத் தோட்டத்துக்கும் அடிப்பதில்லை. ஒரு வரிசைக்கு மட்டும் அடித்து, அந்த வரிசைக் கல்தூணில் சிவப்புத் துணி கட்டிவிட்டு ஒரு வாரம் பார்ப்போம். இலை கருகவில்லை என்றால்தான் மற்றதற்கு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் இவ்வளவுதான்.

எங்களுக்கு இரட்டைப் பெண்கள். ஒன்றரை மாத ஊசிக்கு நாள் நெருங்க, எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பார்த்த வீடியோவில் ஒருவர், ஊசி போட்டால் வரும் கேடுகளைக் கண்ணீரோடு சொன்னார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், போடாவிட்டால் வரும் கேடுகளைச் சொன்னார். இரண்டு பேரையும் முழுசாக நம்பினேன்.

புதன்கிழமை காலையில் பெரியவள் காலில் சிவப்புத் துணியைக் கட்டினேன். பெரியவள் என்றால் நாலு நிமிஷம் பெரியவள். திருஷ்டிக்கு என்று நினைத்து என் மனைவி பேசாமல் இருந்துவிட்டாள்.

ஊசி போடும் இடத்தில் சிஸ்டர் மருந்துப் பெட்டியைத் திறந்ததும், பூச்சிமருந்துக் கடையில் கேட்பதையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். காலாவதி தேதி என்ன, எத்தனை நாள் வேலை செய்யும், அடித்தபின் மழை பெய்தால் வீணாகுமா.

"மழைக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றார் சிஸ்டர். "ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம். தொடை வீங்கும், அழுவாக. காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து தர்றேன்."

"அதுக்கு மேல?"

"ரொம்ப அபூர்வமா எதாவது ஒரு பிள்ளைக்கு ஒவ்வாம போகும். அதைப் பாக்கத்தான் அரை மணி நேரம் இங்கனயே உட்கார வைக்கிறது."

அபூர்வம் என்ற சொல் எனக்கு ஆகாது. தேங்காய் விழாத மரத்தடியிலும் தலையில் துண்டு கட்டிப் போகிறவன் நான்.

"அப்ப துணி கட்டுன பிள்ளைக்கு மட்டும் இன்னைக்குப் போடுங்க சிஸ்டர். ஒரு வாரம் பாத்துட்டு மத்தவளுக்கு."

மனைவி மெல்லத் திரும்பினாள். "ஏங்க, அது திருஷ்டித் துணி இல்லையா?"

"வரிசைத் துணி."

பெஞ்சில் இருந்த தாய்மார்கள் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "அந்த ஒரு வாரத்துல கக்குவான் இருமல் வந்தா, துணி கட்டாதவளுக்கு வரட்டும்னு முடிவு பண்ணிட்டீகளாண்ணே?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவசரமாகத் துணியை அவிழ்த்துச் சின்னவள் காலில் கட்டினேன். இப்போது பெரியவள் வெறுங்காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். திரும்ப அவிழ்த்து அவளுக்கே கட்டினேன். மூன்றாம் முறை அவிழ்க்கும்போது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் மருந்தடிக்காம விட்ட ஓர வரிசை என்னாச்சு?"

"சாம்பல் நோய் வந்துச்சு."

"இவளுகள்ல எவ ஓர வரிசை? சொல்லுங்க."

இரண்டு பேரையும் பார்த்தேன். சின்னவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தாள். "ரெண்டு பேருக்கும் போட்டுருங்க" என்றேன். சத்தம் வரவில்லை. மனைவிதான் உரக்கச் சொன்னாள்.

பெரியவள் ஊசிக்கு அழுதாள். சின்னவள் அக்கா அழுததற்கே அழுதுவிட்டு, ஊசிக்கு இன்னொரு தடவை அழுதாள். எனக்குக் கண் இருட்டியது. அந்த அரை மணி நேரமும் பிள்ளைகள் பால் குடித்துத் தூங்க, பெஞ்சில் படுத்திருந்த என்னைத்தான் சிஸ்டர் கண்காணித்தார்.

சாயங்காலம் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது.

அடுத்த ஊசிக்குக் கிளம்பும்போது மனைவி அதே சிவப்புத் துணியை என் மணிக்கட்டில் கட்டினாள். "யாரைப் பாத்துக்கணும்னு சிஸ்டருக்குத் தெரியணும்ல" என்றாள்.