மோகனூரிலிருந்து சேலத்துக்கு, டயாலிசிஸ் வண்டியில்

போன மாதம் அண்ணிக்குக் கண்ணில் புரை அறுவை செய்தார்கள். ஒரு வாரம் வெயிலிலும் தூசியிலும் அலையக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மோகனூரிலிருந்து சேலத்துக்கு வாரம் இரண்டு முறை அண்ணனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அண்ணிதான். "ஊரெல்லாம் சுத்தறயே அம்மணி, ஒரு வாரம் இந்தப் பக்கமும் சுத்தீட்டுப் போ" என்று போனில் சொன்னார். சென்னையில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, அணை, எந்த ஊரில் பரோட்டா நன்றாயிருக்கும் என்றெல்லாம் எழுதுவேன். ஆனால் இப்படி வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் பயணம் போகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்காக யாரும் பயணக் குறிப்பு எழுதுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அண்ணனிடம் கேட்டேன். "எழுதிக்க, என்ற பேரை மட்டும் போட்டுராத" என்றார். போடவில்லை. மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் வழி. மோகனூரிலிருந்து நாமக்கல் பதினெட்டு கிலோமீட்டர், அங்கிருந்து சேலம் ஐம்பத்தைந்துக்குப் பக்கம். பஸ்ஸில் போகலாம், நாமக்கல்லில் மாற வேண்டும். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது நோயாளி துவண்டுபோயிருப்பார், பஸ் சரிப்படாது. நாங்கள் வாடகைக் கார் வைத்திருக்கிறோம். போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கலாம். நாமக்கல்லிலேயே டயாலிசிஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அண்ணனுக்குக் கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த டாக்டர் சேலத்தில் இருக்கிறார், அவரை விட்டு வர அண்ணனுக்கு மனசில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை போய்வந்தோம். எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் நடந்தது.

டிரைவர் செந்தில் முன்பு போர்வெல் லாரி ஓட்டியவர். வடநாட்டில் அவர் பார்க்காத மாநிலம் இல்லை. ஆண்டகளூர் கேட் தாண்டி ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தோம். அண்ணன் வண்டியிலேயே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு உண்டு. டீயும் அதில் சேரும்.

"ஏனுங்க்கா, வேற வண்டி பேசீட்டீங்களாட்ட இருக்குது?" என்றார் செந்தில்.

"இல்லையே, ஏன்?"

"அண்ணன் நேத்து போன் பண்ணி, அடுத்த செவ்வாக்கெழமையிலிருந்து வண்டி வேண்டாம் சாமின்னாருங்க. என்ற மேல ஏதாச்சும் குத்தமுங்களா?"

கையில் இருந்த டீயைக் கீழே வைத்தேன். வேறு வண்டியும் பேசவில்லை, வேறு ஆஸ்பத்திரியும் பேசவில்லை. வண்டி வேண்டாம் என்றால் டயாலிசிஸ் வேண்டாம் என்று அர்த்தம். டயாலிசிஸ் வேண்டாம் என்றால் என்னவாகும் என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "உங்க மேல ஒண்ணுமில்ல செந்தில்" என்று மட்டும் சொன்னேன்.

வண்டியில் ஏறி, "உடம்பு எப்படிண்ணா இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கறனே. எனக்கென்ன?"

மல்லூர் போகும் வரைக்கும் எதைக் கேட்டாலும் இதே பதில். சீலநாயக்கன்பட்டியில் நெரிசலில் நின்றபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா" என்று வாய் வரை வந்துவிட்டது. மெஷினில் உட்காரப் போகிற மனுஷனிடம் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் கூடம் பெரிய அறை. வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஊசி போட்டு ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில், கையில் டேப்லெட் கம்ப்யூட்டரோடு ஓர் இளம்பெண் வந்தார். பெயர் கவிதா, மனநல ஆலோசகர், வேலூர்க்காரர். நீண்ட நாள் சிகிச்சையில் இருப்பவர்களின் மனநிலை பற்றி ஆராய்ச்சி செய்கிறார், வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கூடத்துக்கு வருவாராம். அண்ணன் ஏற்கெனவே அதற்குச் சம்மதம் சொல்லியிருந்தார்.

"போன ரெண்டு வாரத்துல, எதுலயும் நாட்டமில்லாம இருந்துச்சுங்களா ஐயா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"தூக்கம்?"

"படுத்தாத் தூக்கமுங்க."

"இருந்து என்ன பிரயோஜனம்னு எப்பவாவது தோணுதா?"

"சேச்சே, நல்லா இருக்கறனுங்க. நீங்க சாப்ட்டீங்களா சாமி? காலைல நேரத்துலயே வந்திருப்பீங்களாட்ட இருக்குது."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, சாப்பிட்டேன் என்று சொல்லி, டேப்லெட்டில் அதற்கான மார்க்கைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அங்கும் அதே பதில், "நல்லா இருக்கறனுங்க மேடம்." எனக்குப் பொறுக்கவில்லை. வராந்தாவில் அவரை நிறுத்தினேன்.

"நீங்க போட்ட மார்க் தப்பு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். செந்தில் சொன்னதைச் சொன்னேன். "எங்க பக்கத்துல நல்லா இருக்கீங்களான்னு கேட்டா, நல்லா இருக்கோம்னுதாங்க சொல்வாங்க. தேடி வந்து விசாரிக்கறவங்ககிட்ட மூக்கால அழுதா மரியாதையில்லைன்னு நெனைக்கற ஊரு இது. நீங்க வியாதிக்குக் கேக்கறீங்க. அவர் வந்தவங்களை உபசரிக்கறாரு."

கவிதா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. "நான் வந்ததிலிருந்து இந்தக் கூடத்துல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார். "வாரம் ரெண்டு நாள் மெஷின்ல கட்டிப்போட்டிருக்கிறவங்க அத்தனை பேரும் என்னைவிட சந்தோஷமா இருக்காங்கன்னா, எங்கயோ கோளாறுன்னு எனக்கும் உறுத்திக்கிட்டுதான் இருந்தது." டேப்லெட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "இந்தத் தடவை ஆராய்ச்சிக்கு இல்ல. வாங்க."

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். "இவ இருக்கட்டுங்க" என்றார் அண்ணன்.

"ஐயா, உங்களைப் பத்திக் கேக்கல" என்றார் கவிதா. "உங்க வயசுல, உங்களை மாதிரியே ஒருத்தர். மோகனூர்க்காரர்னு வச்சுக்குங்க. இதே கட்டில், இதே மெஷின். அவர் மனசுல என்ன ஓடும்?"

அண்ணன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு என்னங்க" என்று தொடங்கினார். "காவேரிக் கரைல பொறந்தவன். காட்டுல கரும்புக்குத் தண்ணி பாச்சிப் பாச்சியே வளந்தவன். இன்னிக்கு ஒரு சொம்புத் தண்ணி குடிக்கோணும்னா பொண்டாட்டியக் கேக்கோணும். அவ பாவம், அளந்து அளந்து ஊத்தறா. அவளுக்கே கண்ணு தெரியாமப் போச்சு, அப்பவும் இவனுக்காக பஸ்ஸு, காருன்னு அலையறா. தங்கச்சி வேலைய உட்டுட்டு ஓடி வர்றா. இவனால யாருக்குங்க என்ன லாபம்? நிறுத்திப்போட்டா எல்லாரும் அவிய அவிய வேலையப் பாப்பாங்க. பத்து நாள் அழுவாங்க. அப்பறம் சரியாயிருவாங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆறு மாதமாக வாரம் தவறாமல் போனில் பேசிய அண்ணன்தான் இவர். இதில் ஒரு வார்த்தையைக்கூட என்னிடம் சொன்னதில்லை.

கவிதா அவசரப்படவில்லை. "அந்த மோகனூர்க்காரர் நீங்கதானுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"உயிரை மாய்ச்சுக்கணும்னு தோணுதுங்களா?"

இப்படிப் பட்டென்று கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணனுக்கு அப்படியில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர் போல, முகம் கொஞ்சம் தளர்ந்தது. "மருந்து கிருந்து குடிக்கற எண்ணமெல்லாம் இல்லீங்க. இப்பிடி இருக்க வேண்டாம்னுதான். அசதியா இருக்குதுங்க" என்றார். அப்புறம் அழுதார். ஊசி குத்திய கையை அசைக்க முடியாது, இன்னொரு கையால் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். கவிதா எங்களை அழவிட்டு உட்கார்ந்திருந்தார்.

சிறுநீரக டாக்டர் வந்தார். சுற்றி வளைக்காத மனுஷன். "டயாலிசிஸ் வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா இப்ப பேசறது நீங்களா, உங்க சோர்வான்னு எனக்குத் தெரியணும். சோர்வும் ஒரு வியாதி. கிட்னிக்கு வைத்தியம் பாத்த மாதிரி அதுக்கும் பாப்போம். தெளிஞ்ச பிறகும் நீங்க இதையே சொன்னா, உங்க வீட்டுக்காரம்மாவையும் உக்கார வச்சுப் பேசுவோம்" என்றார். அதே கட்டடத்தில் மனநல மருத்துவர் இருந்தார், அன்றைக்கே பார்த்தார். கிட்னிக்கு ஒத்துவருகிற மாத்திரையாகப் பார்த்து எழுதினார். வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள் என்று என்னிடமும் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை வருவீங்கல்ல?" என்று கிளம்பும்போது கவிதா கேட்டார்.

"பாக்கலாமுங்க" என்றார் அண்ணன்.

கொங்குநாட்டில் பெண் பார்த்துவிட்டு வந்து 'பாக்கலாமுங்க' என்றால் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். கவிதாவுக்கு அது தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். திரும்பும் வழியில் நாமக்கல் தாண்டியதும் அண்ணனே பேசினார். "ஊட்டுல நானே சொல்லிக்கறேன். நீ முந்திக்காத" என்றார். சொன்னபடியே செய்தார். சாயங்காலம் அவரும் அண்ணியும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வாசலில் உட்கார்ந்து கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி கண்ணைக் கசக்கக் கூடாது, அறுவை செய்த கண். அந்தக் கவலை வேறு.

ஞாயிற்றுக்கிழமை நான் சென்னை திரும்ப வேண்டியிருந்தது. அண்ணியின் தம்பி வந்து தங்கினார். அண்ணன் முடிவாக எதையும் சொல்லவில்லை. எதற்கும் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வண்டியைக் கொண்டுவரச் சொல்லி செந்திலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இதே மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நான்கு மணி நேரம் சும்மா கிடக்கிறதே, செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் மொத்த விலையில் மளிகை வாங்கி வந்துவிடலாம் என்று தோன்றும். நானும் பையோடுதான் போயிருந்தேன். மளிகை நாமக்கல்லிலும் கிடைக்கும். முதல் ஒரு மணி நேரமாவது கட்டில் பக்கத்தில் உட்காருங்கள். மெஷின் ஓடும்போது மனுஷர்கள் பேசுகிறார்கள். தாகத்துக்கு, அளந்த தண்ணீரிலிருந்தே கொஞ்சம் எடுத்து ஐஸ் கட்டியாக்கி வாயில் அடக்கிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னார், கேட்டுப் பாருங்கள். திரும்பும்போது பின் சீட்டில் ஒரு தலையணை போடுங்கள், ஏசியை ரொம்ப வைக்காதீர்கள், குளிரும்.

முக்கியமாக, உங்கள் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பல இடங்களில் இருப்பார்கள், நாம் கேட்பதில்லை. 'பைத்தியமா எங்க அண்ணனுக்கு' என்று நம் ஆட்களே சண்டைக்கு வருவார்கள், வரட்டும். உங்களவர் நன்றாயிருக்கிறேன் என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நானும் பயந்திருக்கிறேன். அப்படியில்லை என்று கவிதா சொன்னார். கேட்டதும் அண்ணன் முகம் தளர்ந்ததை நானே பார்த்தேன். வண்டி வேண்டாம் என்று சொல்வது, மாட்டை விற்கப் போகிறேன் என்பது, நிலப் பத்திரத்தை எடுத்துப் பையன் கையில் கொடுப்பது, இதெல்லாம் நடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு அண்ணி போன் செய்தார். மறுமுனையில் விம்மல் கேட்டது. "என்னாச்சு அண்ணி? சொல்லுங்க" என்று கத்திவிட்டேன்.

"உங்கண்ணன் என்னையத் திட்டிப்போட்டாரு அம்மணி" என்றார் அண்ணி. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "ஆறு மாசமா நான் என்ன வச்சாலும் வாயத் தொறக்காமத் திம்பாரு. உப்பில்லாத சோத்தக்கூட நல்லா இருக்குதும்பாரு. இன்னிக்குக் காத்தால தட்ட நகத்தி வச்சுட்டு, இது இட்லியா இல்லக் கட்டாந்தரையா, இத எந்த மனுசன் திம்பான், சேலம் போயிட்டு வர்றதுக்குள்ள ஒழுங்கா ஒண்ணு ஆக்கி வைய்யின்னு சத்தம் போட்டாரு. தெருவே கேட்டுச்சு. திட்டீட்டே போயி வண்டில ஏறுனாரு. இப்பத்தான் போறாங்க."