ஒரு கல் குறைந்த சுவர்

என் மனைவி பிறந்து வளர்ந்த வீட்டை, ஓரடிக்கு அரை அங்குலம் என்னும் கணக்கில் சிறிதாக்கிச் செய்து அவளுக்குக் கொடுத்தேன். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்தின் வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சிறு வீடு இன்றும் எங்கள் முன்னறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் குனிந்து பார்த்து வியக்கிறார்கள். அவ்வேளைகளில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் இருந்தது அவ்வீடு. முத்து வணிகத்தில் நிலைபெற்ற அவளுடைய முப்பாட்டனார், தீவுகளிலிருந்து தோணியில் வந்திறங்கிய பவளப்பாறைக் கற்களைக் கொண்டும் சிப்பி சுட்ட சுண்ணாம்பைக் கொண்டும் அதைக் கட்டினார். தூண்களும் உத்தரங்களும் பர்மாத் தேக்கு. நூறாண்டைக் கடந்த அந்த வீட்டின் முன் நின்று, பழங்கட்டடங்களைத் தேடி வரும் வெளியூரார் ஒளிப்படம் எடுத்துப் போவதுண்டு. கடைசி முத்துக்குளிப்பு முடிந்து சில ஆண்டுகளில் என் மாமனார் காலமானார். கொழும்பிலிருந்து திரும்பி வந்த மைத்துனர் சில காலம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார். பிறகு உப்புக் கிடங்கு கட்டுவதற்காக ஒருவருக்கு விற்றுவிட்டார்.

செய்தி வந்த நாளில் என் மனைவி அழவில்லை. மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்:

“குடிலுக்கு வருசா வருசம் அட்டையில வீடு வெட்டி ஒட்டுவியளே, அது மாதிரி எங்க வீட்டச் செஞ்சு தர முடியுமா?”

கிறித்து பிறப்பு விழாவுக்கு வீட்டில் அமைக்கும் குடிலில் பெத்லகேம் ஊரை அட்டையால் எழுப்புவது என் வழக்கம். பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த எனக்கு அது ஒன்றே கைவேலை.

“அட்டையில எதுக்கு? மரத்துலயே செஞ்சு தாரேன்” என்றேன்.

“மரமோ அட்டையோ, உள்ளது உள்ளபடி இருக்கணும்.”

‘உள்ளது உள்ளபடி’ என்னும் அந்தச் சொற்களை நான் அப்போது நின்று எண்ணியிருக்க வேண்டும்.

வீட்டை ஒப்படைக்க மூன்று மாதத் தவணை இருந்தது. ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் நூலும் அளவுகோலும் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு அங்கே போவேன். வாயிற்படியின் உயரம், கதவு நிலையின் கனம், படிகளின் எண்ணிக்கை, தாழ்ப்பாளின் நீளம் வரை அளந்து எழுதினேன். மாடத்து மாதாவின் சுருவத்துக்கு, அந்தச் சிறு சிலைக்குக்கூட, உயரம் குறித்தேன்.

அளக்க அளக்க ஒன்று என்னை உறுத்திற்று. முப்பாட்டனார் கட்டிய வீடு அப்படியே இல்லை. முற்றத்துக்குமேல் யாரோ கல்நார் ஓடு வேய்ந்திருந்தார்கள். கூடத்துத் தேக்குத் தூண் ஒன்றுக்குப் பதிலாகச் சிமிந்தித் தூண் நின்றது. மாடிப்படிக்கு அடியில் பலகைத் தடுப்பு ஒன்று முளைத்திருந்தது. பழம் பாட்டில் பின்வந்தோர் செருகிய அடிகளைக் கண்டால் புலவன் எப்படி முகம் சுளிப்பானோ அப்படிச் சுளித்தேன். இடைச்செருகல்களைக் களைந்து மூலத்தைத் தருவதே என் கடமை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். அவளிடம் கேட்கத் தோன்றவில்லை. பிழை திருத்துகிறவன் யாரிடமும் கேட்பதில்லை.

கூடத்தின் பின்சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. கூடம் என்பது மாமனார் முத்து வணிகம் நடத்திய இடம். அந்தச் சுவருக்கு அப்பால், சமையல் நடக்கும் குசினி. சுவரில் சாய்ந்து அவர் உட்காரும் இடத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய முழ உயரத்தில், ஒரு கல் இல்லை. குசினிப் பக்கம் புகை படிந்து கறுத்திருந்தது. கூடத்துப் பக்கம் விளிம்பு வழவழப்பாக இருந்தது. விரலை வைத்தும் பார்த்தேன், எலிவளை என்றே முடிவு கட்டினேன். எலிவளையின் விளிம்பு அவ்வளவு வழவழப்பாக இராது என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

மரவேலைக்குத் தோணி கட்டும் பட்டறையிலிருந்து ஓர் ஆசாரியைப் பிடித்தேன். என்னைவிட இளையவர், வாய் ஓயாதவர். பெரிய தோணியின் வேலை ஓய்ந்த மாலைகளில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, தீக்குச்சி கனத்தில் உத்தரம் சீவித் தருவார். ஒருநாள் வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்றார், அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர், கூடத்துச் சுவரண்டை குந்தி உட்கார்ந்தார்.

“சார்வாள், இந்தச் சொவத்துல ஒரு ஓட்டை கெடக்கே. இதையும் போட்டுரவா?”

“அது எலி போட்டது. நம்ம எதுக்குப் போடணும்?”

அவர் கையை உள்ளே விட்டு அந்தப் பக்கம் எட்டுகிறதா என்று பார்த்தார். “எலி இம்புட்டுச் சதுரமாவா போடும்? படிச்ச எலி போல. ஒங்க பள்ளிக்கூடத்துலதான் படிச்சிருக்கும்.”

“ஒமக்கு வேலை குறையுதுல்லா? வாரும்.”

“எனக்கென்ன, சார்வாள் சொல்லுதிய, அடைச்சிருதேன். இருந்ததச் செய்யிததா, இருக்க வேண்டியதச் செய்யிததான்னு மொதல்லயே சொல்லிட்டா எனக்குச் சோலி லேசு.”

நான் சிரித்தேன். அது நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் வேலை முடிந்தது. வீட்டின் சுண்ணாம்பையே பொடித்துக் குழைத்துச் சுவர்களுக்குப் பூசினோம். கூரை தனியே கழன்று வரும். ஒவ்வோர் அறையின் வாயிலிலும் நகம் அளவு தாளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். அந்த வாரம் கல்வீட்டின் ஓடுகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். சுவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. இதை நான் மறக்க முடியாதபடி நினைவில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலை, பூசையிலிருந்து திரும்பிய கோலத்திலேயே, தலை முக்காட்டைக்கூட எடுக்காமல், அவள் அதன் முன் உட்கார்ந்தாள். நான் கூரையைத் தூக்கினேன். வெகுநேரம் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அடுக்களையாம். இது யாரு வீட்டு அடுக்களை? நாங்க குசினின்னுல்லா சொல்லுவோம்.”

“குசினி பறங்கிச் சொல்லு.”

“அதுல பொங்கித் தின்னவளும் பறங்கிச்சியாக்கும்.” சொல்லிக்கொண்டே சுட்டுவிரலைக் கூடத்துக்குள் விட்டாள். தூண்களைக் கடந்து, பின்சுவரை மெல்லத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. சற்று மேலே போயிற்று, கீழே வந்தது.

“இங்கன ஒரு ஓட்டை இருந்துச்சே.”

“எலிவளைதான? அடைச்சாச்சு. ஒங்க முப்பாட்டன் கட்டுனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுவந்துட்டேன், பாத்துக்கோ.”

அவள் விரலை எடுக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

“ஆமா, எலிதான்” என்றாள். பிறகு, “ஒல வச்சிட்டு வந்தேன்” என்று எழுந்து போனாள். உலை வைத்திருக்கவில்லை, நான் பார்த்தேன். பார்த்தும், ஏன் என்று கேட்காமல் கூரையை மூடி வைத்தேன். அன்று கேட்டிருந்தால், இருவருமாக நடந்தே போய் அந்தச் சுவரைத் தொட்டிருக்கலாம். மூன்று வாரம் கழித்துச் சுவரும் விழுந்தது.

கிறித்து பிறப்பு விழாவன்று பகல் உணவுக்கு, மாமனாரோடு பழகிய முத்துத் தரகர் ஒருவர் வந்திருந்தார். முதியவர். சிறு வீட்டைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“அடேயப்பா. இந்தா, இங்கனதான் இருப்பாரு ஒங்க மாமனாரு. மருமவனே, அவரு மாதிரி ஒரு கண்ணு இந்தக் கரையில கெடையாது. கண்ணுன்னா சொன்னேன்? கண்ணே வேண்டாம் அவருக்கு, வெரலே போதும்.”

“எப்படி?” என்றேன்.

“கடைசி அஞ்சு முத்துக்குளிப்புப் பருவமும் பாத்தேன்லா. முத்தக் கையில வாங்குவாரு. திண்டுல சாஞ்சு, கையப் பொறத்தால கொண்டு போயி, கண்ண மூடிக்கிடுவாரு. ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுத நேரம். வெளிய எடுத்தாருன்னா, இது ஆணிமுத்து, இது ரெண்டாந்தரம், இதக் கொண்டுபோயி ஆத்துல போடும்பாரு. ஒரு தடவை தப்புனதில்ல. நாங்களும் வீட்டுல போயி கண்ண மூடிக்கிட்டு முத்தத் தடவித் தடவிப் பாத்தோம். ஒண்ணும் வரல, தூக்கந்தான் வந்துச்சு.”

பிறகு, சோற்றுத் தட்டோடு நின்ற என் மனைவியைப் பார்த்து, “அந்த வெரல்ல ஒண்ணு ஒனக்கு வந்திருந்தாலும் நீ பெரிய ஆளா வந்திருப்ப தாயி” என்றார்.

“எனக்கெங்க மாமா. நான் குசினியில கெடந்தவ” என்றாள் அவள்.

என் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். திண்டு. பின்புறம். ஒரு முழ உயரம். வழவழத்த விளிம்பு.

அவர் போன பிறகு கேட்டேன். அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அவளுக்குப் பதினான்கு வயதாகும்போது அவள் தந்தையின் கண்களில் புரை விழுந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போனால் செய்தி கடைத்தெருவுக்கு வந்துவிடும். கண் போன முத்து வணிகனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அதனால் ஒருநாள் இருவருமாகவே சுவரிலிருந்து அந்தக் கல்லைப் பெயர்த்தார்கள். குசினியின் பின்கதவு வடக்குப் பார்த்தது. முத்தைப் பார்க்க வடக்கு வெளிச்சமே சரி. அவர் முத்தை ஓட்டைக்குள் வைப்பார். அவள் எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, அவர் உள்ளங்கையில் திரும்ப வைப்பாள்.

“நல்லதுன்னா ஒரு தட்டு. ரெண்டாந்தரம்னா ரெண்டு. நீரோட்டமில்லாத மட்டம்னா கைய மூடி விட்டுருவேன்.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“கொழும்புல இருந்தவருக்கு என்ன தெரியும்? அம்மாவுக்குத் தெரியும். அப்பா பேரு கெட்டுப்போவும்னு யாருட்டயும் சொல்லல. ஒங்ககிட்டயும் சொல்லல. இதுல அந்த ஓட்டை இருந்தாப் போதும், அதப் பாத்துக்கிட்டு இருந்துருவேன்னு நெனச்சேன்.”

மறுநாள் ஆசாரியிடம் துளையிடும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். சரியான உயரம் தெரியக் குறிப்பேட்டைப் புரட்டினேன். தாழ்ப்பாளின் நீளம் இருந்தது. சுருவத்தின் உயரம் இருந்தது. கூடத்துப் பின்சுவருக்கு உரிய பக்கத்தில், அழகான என் கையெழுத்தில், அளவு எதுவும் இன்றி இரண்டே சொற்கள்: ‘எலிவளை, நீக்குக.’ ஐந்து பருவம் அவள் பார்த்த வேலையைப் பற்றி அன்றுவரை எழுத்தில் இருந்தது அவ்வளவே.

“எவ்வளவு உயரத்துல இருந்துச்சு? சொல்லு, போட்டுருதேன்” என்றேன்.

அவள் கருவியை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள். “வேண்டாங்க. அது அப்பாவும் நானும் போட்டது. இப்பப் போட்டா அது நீங்க போட்ட ஓட்டை.”

“நான் கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கலாம்” என்றாள். கோபம் இல்லை. சனிதோறும் அவள் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிறாள். கூரையைக் கழற்றி உள்ளே பார்த்ததை நான் அதன்பின் கண்டதில்லை.

தரகர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன, மைத்துனரும் இல்லை. இதை எழுதட்டுமா என்று சென்ற மாதம் அவளிடம் கேட்டேன். இம்முறை கேட்டேன். “எழுதுங்க. ஆனா குசினின்னே எழுதுங்க” என்றாள்.

எழுதியிருக்கிறேன். வேறு எதையும் திருத்தவில்லை.